முதலில் கேள்வி, அப்புறம் டேப்: நர்சிங் வகுப்பில் தேடிக் கற்பது பற்றி

ராமநாதபுரம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டியூட்டர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கல்லூரியில் ஸ்மார்ட் போர்டு மாட்டிவிட்டார்கள், கொஞ்சம் டேப் (டேப்லெட்) வாங்கியிருக்கிறார்கள், மாணவிகள் தாங்களே கேள்வி எழுப்பித் தேடிக் கண்டுபிடித்துக் கற்கும் முறையில் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது, எந்த ஆப் நல்லது, ஸ்மார்ட் போர்டை என்ன செய்வது?

ஆப் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு உதவாது. இந்த மாவட்டத்தில் வார்டிலும் வகுப்பிலுமாக நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நம் வகுப்புகளில் தொழில்நுட்பம் என்று வருவது பெரும்பாலும் அதே பழைய லெக்சர்தான், எழுத்து மட்டும் பெரிதாகத் தெரிகிறது. டியூட்டர் ஸ்லைடைப் போடுகிறார், மாணவி அதைப் பார்த்து நோட்டில் எழுதுகிறாள், பரீட்சையில் திருப்பி எழுதுகிறாள். அவள் மனதில் ஒரு கேள்வி பிறக்க அங்கே இடமே இல்லை. அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் ஒரு நோயாளி. அந்த நோயாளியிடம் மாணவியால் விளக்க முடியாத ஏதோ ஒன்று. அதிலிருந்து அவள் கேட்கும் கேள்வி. அதற்குப் பிறகுதான் டேப், போன், இணையம் எல்லாம். கடைசியில் கிடைத்த பதிலோடு அவள் திரும்ப நோயாளியிடமே போக வேண்டும், இல்லையென்றால் அது தேடல் பயிற்சியாகவே நின்றுவிடும், நர்சிங் ஆகாது.

இது ஏதோ நேற்று வந்த முறை என்று நினைக்க வேண்டாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே, பாடம் நடத்தி முடித்துவிட்டு கேஸ் காட்டுவதற்குப் பதிலாகக் கேஸை முதலில் கொடுத்து அதிலிருந்து பாடத்தைத் தேட வைத்தார்கள், பிறகு நர்சிங்குக்கும் அது பரவியது. நாம் தினமும் சொல்லிக்கொடுக்கும் நர்சிங் ப்ராசஸே, அதாவது மதிப்பிடு, கண்டறி, திட்டமிடு, செய், திரும்பப் பார் என்பதே, ஒரு விசாரணை முறைதான். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரில் இறந்த வீரர்களின் கணக்கை எடுத்து 1858இல் வரைபடமாகப் போட்டார். போர்க்காயத்தைவிட நோயே அதிகம் பேரைக் கொன்றது என்பதை அந்தப் படம் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியது. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை, ஆனால் இங்கிருந்த ராணுவ முகாம்களுக்குக் கேள்விப் படிவங்களை அனுப்பி, குடிநீர், கழிவு, சாவு பற்றிய விவரங்களை வரவழைத்து ஆராய்ந்தார். இன்று கூகுள் ஃபார்ம்ஸ் செய்கிற வேலையை அவர் தபாலில் செய்தார். நம் இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டத்திலும் இரண்டாம் செமஸ்டரிலேயே நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது நர்சிங்கில் கணினியையும் தகவலையும் பயன்படுத்துவது, ஒரு பாடமாக இருக்கிறது, நிஜ நோயாளி இல்லாமல் செய்து பார்க்கும் சிமுலேஷன் பயிற்சிக்கும் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே பாடத்திட்டம் இதற்கு இடம் தரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு கேஸை முழுசாகவே எடுத்துப் பார்ப்போம். நம் கடற்கரைக்குரிய கேஸ், பாடப்புத்தகத்தில் ஒரு பத்திக்கு மேல் கிடைக்காது.

மண்டபம் ஊர் மீனவர், நாற்பது வயது. விடியற்காலையில் வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது விரலில் ஏதோ பட்டது, பெரிதாக வலிக்கவில்லை, துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். இரண்டு மணி நேரம் கழித்துக் கழுத்தும் தொடையும் வலிக்கிறது, உடம்பை அசைத்தாலே வலிக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை, தாடை இறுகிப்போகிறது. ஆஸ்பத்திரிக்கு வருகிறார். விரலில் ஊசி குத்தின மாதிரி இரண்டு புள்ளி, வீக்கம் இல்லை. இவ்வளவுதான் மாணவிகளுக்கு முதல் நாள் கொடுக்க வேண்டியது. ‘கடல் பாம்பு’ என்ற சொல்லை நீங்கள் சொல்லவே கூடாது.

இங்கே மாணவிகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், “மேம், டயக்னோசிஸ் சொல்லுங்க மேம்” என்பார்கள். சொல்லாதீர்கள். நாலு நாலு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டேப் கொடுத்து, அவர்களுக்குத் தோன்றும் கேள்விகளை வாய்ஸ் நோட்டாகப் போடச் சொல்லுங்கள், தமிழிலேயே. எழுதச் சொன்னால் இரண்டு கேள்வி வரும், பேசச் சொன்னால் பத்து வரும். டெட்டனஸா? அப்படியென்றால் இவ்வளவு சீக்கிரம் வருமா? பாம்பென்றால் ஏன் வீக்கம் இல்லை? ஏன் வலிக்கவில்லை? மீன் முள்ளாக இருந்தால் உடம்பு முழுக்க ஏன் வலிக்கிறது? இந்தக் கேள்விகளை எல்லாம் ஒரே பக்கத்தில் போட்டு, இதில் எதை நோயாளியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், எதைப் பரிசோதனை சொல்லும், எதைப் புத்தகத்தில் தேட வேண்டும் என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். இந்தப் பிரிக்கும் வேலைதான் முழு முறைக்கும் உயிர், இதற்கு ஒரு மணி நேரம் போனாலும் போகட்டும்.

அப்புறம் தகவலைத் துண்டு துண்டாக விடுங்கள். இதற்கு விலை கொடுத்து வாங்கும் விர்ச்சுவல் பேஷன்ட் சாஃப்ட்வேர் எதுவும் வேண்டியதில்லை. கூகுள் ஃபார்ம்ஸில் மாணவி தேர்ந்தெடுக்கும் பதிலைப் பொறுத்து வேறு வேறு பிரிவுக்குப் போகும்படி அமைக்கும் வசதி இருக்கிறது. ‘இப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு நாலு வழி கொடுங்கள். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடப் பரிசோதனையைத் தேர்ந்தெடுத்தால், இரத்தம் சரியாக உறைந்துவிட்டது என்ற விவரம் வரட்டும். சிறுநீரைப் பார்க்கிறேன் என்று தேர்ந்தெடுத்தால் காப்பி நிறத்தில் இருக்கிறது என்று வரட்டும். சிறுநீரைப் பார்க்க யாருக்குமே தோன்றவில்லை என்றால் அந்த விவரம் அந்தக் குழுவுக்குக் கிடைக்காமலே போகட்டும், பிறகு பேசும்போது அதைப் பற்றி நிறையப் பேசலாம்.

பாம்பு என்று ஊகித்த குழு உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொல்லும். அப்போது மருந்துக் குப்பியின் லேபிளைப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். நம் நாட்டுப் பன்முக விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புகளின் விஷத்துக்கு மட்டும் தயாரிக்கப்படுவது, அது அந்த லேபிளிலேயே இருக்கிறது. கடல் பாம்பு அதில் இல்லை. வார்டில் எத்தனையோ தடவை கையில் எடுத்த குப்பிதான், ஆனால் ஒரு கேள்வியோடு அதைப் படிக்கும்போதுதான் மாணவிக்கு அந்த வரி கண்ணில் படுகிறது. அதற்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிரிவு 2016இல் வெளியிட்ட பாம்புக்கடி வழிகாட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், இணையத்தில் இலவசம். கடல் பாம்பின் விஷம் தசையைச் சிதைக்கிறது, சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரில் இறங்கி நிறம் மாறுகிறது, பொட்டாசியம் இரத்தத்தில் ஏறுகிறது, இதயம் நின்றுபோகலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம், மூச்சுத் தசையும் தளரலாம் என்ற சங்கிலியை அவர்களே கோத்து எடுப்பார்கள். அப்படி எடுத்த பிறகு நர்ஸ் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம். மணிக்கு மணி சிறுநீர் அளவும் நிறமும், இசிஜியில் டி அலை கூர்மையாக உயர்கிறதா என்ற கவனிப்பு, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்ற சோதனை, தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்க முடிகிறதா என்ற பார்வை, எல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வரும். கேர் பிளான் என்பது பார்த்து எழுதும் தாளாக இல்லாமல் காரணம் தெரிந்து எழுதும் தாளாக மாறுவது இங்கேதான்.

கடைசி நாள் சிமுலேஷன். பெரிய விலை மேனிகின் (நோயாளி போன்ற பயிற்சிப் பொம்மை) இல்லையென்றாலும் பரவாயில்லை. டேப்பில் பேஷன்ட் மானிட்டர் போலக் காட்டும் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது, சிலவற்றில் நீங்கள் இன்னொரு போனிலிருந்து நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் மாற்றலாம். யூரோபேக்கில், அதாவது சிறுநீர் சேரும் பையில், முதலில் வெறும் தண்ணீர், பிறகு பாலில்லாத டீத்தண்ணீர். ஒரு மாணவி மூச்சைக் கவனிக்கிறாள், ஒருத்தி சார்ட் எழுதுகிறாள், ஒருத்தி டாக்டருக்குப் போன் செய்து நிலைமையைச் சொல்கிறாள். இதை வீடியோ எடுத்து, முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். “எட்டாவது நிமிஷத்துல பேக் கலர் மாறிச்சு, அப்ப நீ என்ன நெனச்ச?” என்று கேளுங்கள். ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டால் வாய் மூடிவிடும். என்ன நினைத்தாய் என்று கேட்டால் பேசுவாள். சிமுலேஷன் பத்து நிமிடம் என்றால் இந்தப் பேச்சுக்கு இருபது நிமிடமாவது வையுங்கள். நேரம் இல்லையென்றால் சிமுலேஷனைச் சுருக்குங்கள், பேச்சைச் சுருக்காதீர்கள்.

எல்லாக் கேஸும் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன விசாரணை சொல்கிறேன். திருக்கை வால் குத்தினாலோ கெளுத்தி முள் குத்தினாலோ வெந்நீரில் அந்தப் பகுதியை வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த விஷத்தில் இருக்கும் புரதம் சூட்டில் சிதைகிறது. சுமார் 45 டிகிரி செல்சியஸ், முப்பது முதல் தொண்ணூறு நிமிடம் என்று வழிகாட்டிகள் சொல்லும். இதை மனப்பாடம் செய்ய வைக்காமல், வாளி, வெந்நீர், தெர்மாமீட்டர் மூன்றையும் கொடுத்து, ‘முப்பது நிமிடமும் 45 டிகிரியில் வைத்துக் காட்டுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். முதலில் வார்டு டிஜிட்டல் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்ப்பார்கள், அது நாற்பத்திரண்டு சொச்சத்துக்கு மேல் காட்டாது. அப்போதே ஒரு கேள்வி வந்துவிட்டது. பயோகெமிஸ்ட்ரி லேபிலிருந்து வேறு தெர்மாமீட்டர் எடுத்து வருவார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் கோடு எப்படி இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் வாளிக்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியும், மூடி போட்டால் எவ்வளவு தாங்குகிறது என்று தெரியும், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை வெந்நீர் சேர்க்க வேண்டும் என்பது அவர்களே கண்டுபிடித்த எண்ணாக இருக்கும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, நல்ல காலை வைத்துத்தான் முதலில் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் கொப்பளித்துவிடும் என்பதையும் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். படகிலேயே இதை எப்படிச் செய்வது என்பது வரை பேச்சு போகும். அங்கே போய்விட்டதென்றால் நல்ல வகுப்பு.

மொழி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள், சாயல்குடி, திருப்புல்லாணி, தொண்டி, தங்கச்சிமடம் என்று பல ஊர்களிலிருந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள். அவர்களிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கச் சொன்னால் கேள்வியே கேட்க மாட்டார்கள், புத்தி இல்லாததால் இல்லை, வாக்கியம் வராததால். கேள்வியைத் தமிழில் பிறக்க விடுங்கள். பிறகு அதே கேள்வியை யாருக்கு, என்ன செய்தால், எதோடு ஒப்பிட்டு, என்ன பலன் என்ற நாலு கட்டத்தில் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஆங்கிலச் சொல் மட்டும் கண்டுபிடித்துப் பப்மெடில் போடச் சொல்லுங்கள். பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம், இலவசம், முழுக் கட்டுரை இலவசமாகக் கிடைப்பதை மட்டும் காட்டச் சொல்லும் வசதியும் இருக்கிறது. கட்டுரையின் சுருக்கத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத் தமிழில் படித்தாலும் தப்பில்லை, ஆனால் ‘இல்லை’, ‘குறைவு’ என்று வரும் இடங்களை மட்டும் ஆங்கில வரியோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்குங்கள், கருவி தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். தேடிக் கண்டதைத் திரும்பவும் தமிழில் ஒரு நோயாளிக்குச் சொல்வது போல இரண்டு நிமிட ஆடியோவாகப் பதிந்து கொடுக்க வேண்டும். அந்த ஆடியோவைக் கேட்டாலே அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். ஒரு பக்கம் டேப் வாங்குகிறார்கள், இன்னொரு பக்கம் நிறைய நர்சிங் ஹாஸ்டல்களில் சாயங்காலம் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வார்டிலும் போன் கூடாது. வார்டில் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது, நோயாளியின் அந்தரங்கம் சம்பந்தப்பட்டது. ஆனால் பதினெட்டு, இருபது வயதுப் பெண்ணுக்கு, நாளை உயிர்களைப் பொறுப்பில் எடுக்கப்போகிறவளுக்கு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சந்தேகத்தைத் தேடிப் படிக்க வழி இல்லையென்றால் தேடிக் கற்பது எப்படி நடக்கும்? நிர்வாகத்திடம் பேசுங்கள். உடனே போனைக் கொடுக்க மாட்டார்கள் என்றால், ஹாஸ்டல் படிப்பறையில் மாலை நேரத்தில் கல்லூரியின் நாலு டேப் இருக்கட்டும் என்று கேளுங்கள், கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். வார்டுக்குச் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டுப் போதும். அன்றைக்குப் புரியாத ஒன்றை மட்டும் அதில் எழுத வேண்டும், நோயாளி பெயர் இல்லாமல், படுக்கை எண் இல்லாமல். திரும்பி வந்து டேப்பில் ஏற்றலாம்.

சிக்னல் பிரச்சினையும் உண்டு. ராமேஸ்வரம் தீவுப் பக்கமும் கரையோரக் கிராமங்களிலும் நெட் வரும், போகும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கிறது. நெட்டை நம்பி வகுப்பைத் திட்டமிடாதீர்கள். பழைய லேப்டாப் ஒன்றில் வழிகாட்டிகள், வீடியோக்கள், தேவையான கட்டுரைகளை இறக்கி வைத்து, ஒரு சாதாரண ரவுட்டரோடு இணைத்தால் வகுப்பில் இருக்கும் டேப்கள் நெட் இல்லாமலே அதைத் திறக்கலாம். கோலிப்ரி என்ற இலவச மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. கிராமத்தில் விவரம் சேகரிக்கக் கோபோ டூல்பாக்ஸ் நல்லது, சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்து வைத்துக்கொண்டு சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும்.

கோபோவைச் சொன்னதால் சமுதாய நலப் போஸ்டிங்குக்கு வருகிறேன். என் பார்வையில் இந்த முறைக்கு நம் மாவட்டத்தில் மிகவும் பொருத்தமான இடம் அதுதான். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கிறார்கள். வழக்கமாக நம் பிள்ளைகள் அங்கே போனால் கையில் ஒரு அச்சடித்த படிவம் இருக்கும், குடும்பத்தில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, தடுப்பூசி போட்டாச்சா. படிவம் நிரம்பும், அந்தப் பெண்ணின் கையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதை மாற்றி, முதல் தடவை போகும்போது படிவமே வேண்டாம், உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்புங்கள். வந்த பிறகு அவர்களுக்கு எழுந்த கேள்விகளிலிருந்து அவர்களே கோபோவில் படிவம் செய்யட்டும். கடலில் இருக்கும்போது தண்ணீர் குடிக்கிறீர்களா? சிறுநீரை அடக்குகிறீர்களா? மாதவிடாய் நாளில் என்ன செய்கிறீர்கள்? பாறையிலும் பவளத்திலும் கீறின காயத்துக்கு என்ன போடுகிறீர்கள், ஆற எத்தனை நாள் ஆகிறது? சர்க்கரை இருக்கிறதா? கடைசிக் கேள்வி சும்மா இல்லை. கடல் தண்ணீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி, சர்க்கரையோ கல்லீரல் நோயோ உள்ளவருக்குச் சின்னக் கீறல் வழியாகப் போய்ச் சதையையே அழுக வைக்கக்கூடியது. அதைத் தேடிப் படித்த மாணவி அடுத்த தடவை ஒரு பெண்ணின் விரல் காயத்தை வேறு கண்ணோடு பார்ப்பாள்.

போகும் நேரத்தையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நீர்மட்டம் பார்த்துத்தான் அந்தப் பெண்கள் கடலுக்குப் போவார்கள், நீங்கள் காலை பத்து மணிக்குப் பஸ்ஸில் போய் இறங்கினால் வீட்டில் ஆள் இருக்காது. அதேபோல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. தடைக்காலத்தில் எடுத்த இரத்த அழுத்தக் கணக்கையும் மற்ற மாதக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வரைபடம் போட்டால், மாத்திரை எப்போது விட்டுப்போகிறது என்ற கேள்வி தானே வரும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே மாத்திரை வருகிறது, அப்படியும் யாருக்கு விட்டுப்போகிறது, ஏன்? கிராம சுகாதார செவிலியரோடு உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி அது. சேகரித்த விவரத்தை அந்தப் பெண்களிடமே திரும்பக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும், இது என் கண்டிப்பான கருத்து. அவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டு மார்க் வாங்கிவிட்டு ஓடி வருவது நியாயமில்லை.

நோயாளியின் படம் விஷயத்தில் தளர்வே கூடாது. காயத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் நம் ஊரில் எங்கும் இருக்கிறது, படிக்கத்தானே என்று. இணையத்தில் ஏறின படம் யார் போனுக்கெல்லாம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. சின்ன ஊர் இது, கையில் இருக்கும் பச்சையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மருந்து லேபிளைப் படம் எடுக்கலாம், கருவியை எடுக்கலாம், மேனிகினை எடுக்கலாம். ஆள் வேண்டாம்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, சாட்ஜிபிடி மாதிரியானவற்றை விடலாமா? தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் பதில் தரும் இடமாக வைக்காமல், சரிபார்க்க வேண்டிய பொருளாக வையுங்கள். ஒரு உதாரணம். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்ஃபேட் முதல் டோஸ் எவ்வளவு என்று அதனிடம் கேட்கச் சொல்லுங்கள். நரம்பு வழியாக 4 கிராம், தசையில் 10 கிராம் என்று வரக்கூடும். பாடப்புத்தகப்படி அது சரிதான். இப்போது கேளுங்கள், உங்கள் கையில் இருக்கும் ஆம்பூல் எது? 50 சதவீதம், 2 மில்லி என்றால் ஒன்றில் 1 கிராம். அப்படியானால் மொத்தம் 14 ஆம்பூல். நரம்பு வழிக்கு 4 ஆம்பூல், அதாவது 8 மில்லி, அதோடு 12 மில்லி சேர்த்து 20 மில்லி ஆக்கினால் 20 சதவீதம். கணக்குப் போட்டுக் காட்டட்டும். அடுத்த கேள்வி, நீ இருப்பது ராமேஸ்வரம் தீவில் ஒரு துணை சுகாதார நிலையம், பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரத்துக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர், நீ மட்டும்தான் இருக்கிறாய், என்ன கொடுப்பாய்? இந்திய அரசின் பிரசவ உதவியாளர் வழிகாட்டி அந்த நிலையில் தசை வழியாக மட்டும், இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம் 10 கிராம் கொடுத்து உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்பச் சொல்கிறது. சாட்பாட் சொன்னது புத்தகப்படி சரியாக இருந்தும் அந்த இடத்துக்குச் சரியாக இல்லை. இதை மாணவி தானே கண்டுபிடிக்கும்போது, எந்தக் கருவி சொன்னாலும் ‘எங்கே, யார் கையில், என்ன வசதியோடு’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிடும். கூடவே முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, மணிக்கு 30 மில்லி சிறுநீர், பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட், இவற்றை ஏன் பார்க்கிறோம் என்பதையும் தேட விடுங்கள். வலிப்புக்குத் தரும் இன்னொரு மருந்தான டயசெபாம் ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் 1995இல் வந்த எக்லாம்ப்சியா (கர்ப்பகால வலிப்பு) ஆய்வைக் காட்டுங்கள், இந்தியப் பெண்களும் அதில் இருந்தார்கள். இன்னொன்று, சாட்பாட் இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும். அது தரும் ஒவ்வொரு கட்டுரைப் பெயரையும் பப்மெடில் தேடி, இருந்தால் மட்டும் எழுத வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள்.

மனநல நர்சிங்குக்கு நம் பக்கத்தில் ஏர்வாடி இருக்கிறது, மனநோய் உள்ளவர்களைக் குணமாக வேண்டித் தர்காவுக்குக் கூட்டிவரும் ஊர். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இன்று முதலாண்டில் சேரும் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. பழைய செய்திகளை இணையத்தில் தேடி, அங்கிருந்து நீதிமன்ற உத்தரவுக்குப் போய், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சங்கிலியால் கட்டுவதைத் தடுக்கும் 95ஆம் பிரிவு வரை அவர்களே தொடர்ந்து வரட்டும். சட்டத்தை மனப்பாடம் செய்வதைவிட அது யாருடைய சாவிலிருந்து வந்தது என்று தெரிந்து படிக்கட்டும். பிறகு ஒரு பயிற்சி. தர்காவுக்கு மகனைக் கூட்டிவந்திருக்கும் தாயாக ஒருத்தி, நர்ஸாக ஒருத்தி. “நேர்ச்சை முடியிற வரைக்கும் இருக்கோம்மா, மாத்திரைய நிறுத்திட்டோம்” என்கிறார் தாய். பேச்சைப் பதிவு செய்து நர்ஸாக நடித்தவளே திரும்பக் கேட்கட்டும், தான் எத்தனை தடவை கேள்வி கேட்டோம், எத்தனை தடவை புத்தி சொன்னோம் என்று அவளே எண்ணட்டும். நம்பிக்கையை விடச் சொல்லாமல் மாத்திரையைத் தொடரச் சொல்வது எப்படி என்று இரண்டாம் தடவை அவளாகவே வேறு மாதிரிப் பேசுவாள். இதற்குத் தேவைப்பட்ட கருவி ஒரு போனின் ரெக்கார்டர் மட்டும்.

மார்க் பற்றி. பல்கலைக்கழகப் பரீட்சை இன்னும் பெரும்பாலும் நினைவாற்றலைத்தான் கேட்கிறது, பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இருக்கும், பெற்றோருக்கும் இருக்கும். அதனால் எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முயற்சிக்காதீர்கள், ஒரு செமஸ்டருக்கு இரண்டு கேஸ் போதும். அகமதிப்பீட்டில் கொஞ்சம் மார்க்கைக் கேள்வி நோட்டுக்கு ஒதுக்குங்கள்: முதல் நாள் கேட்ட கேள்வி, கடைசி நாள் கேட்ட கேள்வி, இடையில் எது தப்பென்று தெரிந்தது, எதை வைத்துத் தெரிந்தது. பதில் சரியா என்பதற்கு அதில் மார்க் வேண்டாம். கேஸ் முடிந்ததும் கடைசி அரை மணி நேரத்தில் அந்தப் பாடத்தின் பரீட்சைக் கேள்விகள் இரண்டை எழுத வையுங்கள், இதுவும் பரீட்சைக்கு உதவுகிறது என்று அவர்களுக்கே தெரியும், அப்புறம் எதிர்ப்பு குறைந்துவிடும்.

ஸ்மார்ட் போர்டை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். குழுக்கள் அனுப்பும் கேள்விகளை அதில் விரித்துப் போட்டு, மாணவிகளே எழுந்து வந்து நகர்த்தி வகைப்படுத்த விடுங்கள், அதற்கு நன்றாகவே பயன்படும். நீங்கள் பின் வரிசையில் உட்காருங்கள். முதல் இரண்டு வகுப்பில் அமைதி நீளமாக இருக்கும், அதை நிரப்ப வாய் துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுக்கு வெந்நீர் வாளியிலிருந்தும் மூன்றாம் ஆண்டுக்குக் கடல் பாம்பிலிருந்தும் தொடங்கலாம். கடல் பாம்பு கேஸை ஃபார்மில் எப்படிப் பிரிவு பிரிவாக அமைப்பது என்பதில் எங்காவது சிக்கினால், எந்தப் பிரிவில் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள், அதை மட்டும் தனியாக விளக்குகிறேன்.